மூன்றில் இரண்டு ஓட்டு

மார்ச் 3

இரண்டாம் நிலையத்தின் சர்வர் அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தலைமை நிலையத்தின் சர்வர் அறைப் பொறுப்பாளர் எழுதுவது. உன் அண்ணி என்றும் சொல்லலாம். ஆனால் அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

டேட்டாபேஸில் எந்த மாற்றத்தையும் இனி வாயால் பேசி முடிக்கக் கூடாது, எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரத்தப் பைகள் போகும் வேனில் அனுப்ப வேண்டும் என்று தலைமை டாக்டரம்மா உத்தரவிட்டிருக்கிறார். விசாரணைக் கூட்டத்தில் நாம் இருவரும் கத்திய கத்தலைக் கேட்ட பிறகு அவரும் வேறென்ன செய்வார்?

கோப்புக்காக நடந்ததைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். நமது ரத்த வங்கியில் எந்தப் பை எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது, யாருக்கு ஒதுக்கியிருக்கிறது என்பதெல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருக்கிறது. என் அறை சர்வர் தலைமை. அது எழுதுவதை உன் அறை சர்வர் நகல் எடுக்கும். என்னுடையது விழுந்தால் உன்னுடையது தலைமை ஏற்கும். சென்ற மழையில் இடையிலிருந்த கேபிள் அறுந்தது. என் சர்வர் நலமாகத்தான் இருந்தது. உன்னுடையதோ, நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று முடிவுகட்டிக் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது. அரிய வகை ரத்தம், இருந்ததே ஒரு பை. அதை இரண்டு சர்வரும் ஆளுக்கொரு நோயாளிக்கு ஒதுக்கின. ஏமாந்தவருக்கு வேறு கொடையாளர் கிடைத்ததால் நம் தலை தப்பியது.

இதற்கு மருந்தாக மூன்றாவது மெஷின் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதில் தரவு எதுவும் இருக்காது. ஓட்டுப் போடுவது மட்டுமே அதன் வேலை. மூன்றில் இரண்டு ஓட்டு இருந்தால்தான் ஒரு சர்வர் தலைமையில் இருக்கலாம். தனியாக மாட்டிக்கொண்டது தானே இறங்கிவிட வேண்டும். இந்த மூன்றாவதற்குச் சாட்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். உன் அண்ணன் மாதிரி என்று வைத்துக்கொள். ஒரு வேலையும் செய்யாது, ஆனால் அது யார் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உன் அண்ணன் அதையும் சொல்வதில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி நிர்வாகக் குழு வந்து, வேலை நடக்கும்போதே என் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கும். உன்னுடையது ஒழுங்காக ஏற்றுக்கொண்டால் நல்லது. இல்லாவிட்டால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும், உன் அறையை மூடுவார்கள். இதை நான் சொல்லவில்லை, உத்தரவில் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமை நிலையப் பொறுப்பாளர்


மார்ச் 6

தலைமை நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ‘கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது’ என்பது அலுவலக மொழிதானா என்று டாக்டரம்மாவைக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

என் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வரும்போது இது உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்த கிடங்கு. சுவரில் ஈரம். ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். கேபிள் ஒவ்வொன்றையும் நானே இழுத்து, நானே சீட்டு ஒட்டினேன். இதை மூடினால் உங்கள் அறையில் உங்களுக்குக் கீழே வந்து உட்காரச் சொல்வார்கள். அதற்குப் பதில் அண்ணனின் ஓட்டுநர் பள்ளியில் கார் கழுவப் போய்விடுவேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். இரண்டு விஷயம்.

உங்கள் சர்வர் ஒன்றை எழுதியதும் என் பதிலுக்குக் காத்திராமல் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடுகிறது. நகல் எனக்குப் பிறகு எப்போதோ வந்து சேர்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் விழுந்தால், கடைசியாக எழுதியது யாருக்கும் தெரியாமல் போய்விடும். என்னிடம் நகல் வந்து சேர்ந்த பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லும்படி மாற்றுங்கள். என் பதிலுக்காக ஒரு கணம் பொறுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

அடுத்தது, சாட்சியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கடிதத்தில் எழுதவில்லையே.

இப்படிக்கு,
இரண்டாம் நிலையப் பொறுப்பாளர்

பி.கு.: கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னை ‘அவசரக்குடுக்கை’ என்றீர்கள். அதையும் கோப்பில் பதிவு செய்யுங்கள்.


மார்ச் 10

இரண்டாம் நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

உன் பதிலுக்காகப் பொறுக்கும்படி மாற்றிவிட்டேன். திரை ஒரு கண்ணிமைப்பு நின்று போகிறது என்று கவுண்டரில் இருப்பவர் முணுமுணுக்கிறார். “எதுக்கு மேடம் இது இப்படி யோசிக்குது?” என்று கேட்டார். “என் நாத்தனாரைக் கேட்டுட்டு வருது” என்றேன்.

சாட்சி என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. இங்கே ஏசி இருக்கிறது, யு.பி.எஸ். இருக்கிறது, பூட்டு இருக்கிறது, நான் இருக்கிறேன். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? எல்லாவற்றிலும் நொட்டை சொல்லாமல் உன் பக்கத்து அமைப்புகளைச் சரிபார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. எலெக்ட்ரீஷியன் என் அறையின் கரண்டை மொத்தமாக, யு.பி.எஸ்.ஸோடு சேர்த்து நிறுத்துவார். கவுண்டரில் அந்த நேரத்துக்குக் காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள். உன் சர்வர் தலைமை ஏற்கிறதா என்று பார்த்து எழுது.

கோப்பில் பதிவு செய்தேன்: அவசரக்குடுக்கை என்று சொன்னது நான்தான். ‘உங்களுக்கு எல்லா இடத்திலயும் நீங்கதான் தலைவியா இருக்கணும்’ என்று சொன்னது நீ. அதையும் பதிந்துவிட்டேன்.

இப்படிக்கு,
தலைமை நிலையப் பொறுப்பாளர்


மார்ச் 17

பொறுப்பாளர் அவர்களே,

ஏற்கவில்லை.

உங்கள் அறையில் கரண்டை நிறுத்தினார்கள். என் சர்வர் உங்கள் சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை. ஓட்டுக்காகச் சாட்சியைக் கூப்பிட்டது. சாட்சியும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? அதுவும் உங்கள் அலமாரியில், உங்கள் கரண்டில்தானே உயிர் வாழ்ந்தது! நீங்கள் அணைந்தபோது அதுவும் அணைந்தது. எனக்கு இருந்தது என் ஒரே ஓட்டு. அதனால் என் சர்வர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. சரியாகத்தான் நின்றது. ரத்த வங்கி முழுவதும் நின்றது.

வழக்குக்குப் போகிறவரே சாட்சியைத் தன் வீட்டில் படுக்க வைத்து, தன் பாயையும் விரித்துக் கொடுத்திருந்தால் அது என்ன சாட்சி? ‘எங்கே வைத்தீர்கள்’ என்று ஆறாம் தேதியே கேட்டேன். நொட்டை என்றீர்கள்.

டாக்டரம்மா என்னைத்தான் போனில் கூப்பிட்டார். “உன் சைடு எந்திரிக்கவே இல்லையாமே?” என்றார். என் சைடு! உங்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு ஜன்னலருகே நின்று கொஞ்சம் அழுதேன். சைக்கிள் எடுக்க வந்தவர் மேலே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

இ.நி.பொறுப்பாளர்


மார்ச் 20

பொறுப்பாளர் அவர்களுக்கு,

டாக்டரம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். “அவ சைடு இல்ல டாக்டர், என் சைடுதான். சாட்சிய என் மடியிலயே வச்சிருந்தேன்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். நான் எதையாவது ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை.

இப்போது சாட்சிக்கு இடம் வேண்டும். உன் அறையில் வைத்தாலும் இதே கதைதான், நீ விழுந்தால் அதுவும் விழும். நம் இருவருக்கும் சம்பந்தமில்லாத கரண்ட், சம்பந்தமில்லாத இணைய இணைப்பு, ஆனால் நம்பிக்கையான ஆள். யோசித்துப் பார்த்தேன். உன் அண்ணனின் ஓட்டுநர் பள்ளி ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இணைப்பு வேறு கம்பெனி, கரண்டும் வேறு லைன். டாக்டரம்மா சம்மதித்து, எழுதியும் கொடுத்துவிட்டார்.

பெட்டியை உன் அண்ணன் மேஜைக்கு அடியில் வைத்து, “இதைத் தொடக் கூடாது, அணைக்கக் கூடாது, இதன் மேல் காலைத் தூக்கிப் போடக் கூடாது” என்று சொல்லிவிட்டு வந்தேன். “இது என்ன பண்ணும்?” என்று கேட்டார். “எனக்கும் வாலுக்கும் சண்டை வந்தா யார் பக்கம்னு முடிவு பண்ணும்” என்றேன். முகம் வெளுத்துவிட்டது. “என் கடையிலயா?” என்றார்.

உன்னை வாலு என்று எழுதிவிட்டேன். கோப்பு நகலில் அடித்துவிடுகிறேன்.


மார்ச் 27

அண்ணி,

நேற்று முன்தினம் சாட்சி திடீரென்று காணாமல் போனதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். திரையில் மூன்றில் ஒரு விளக்கு சிவப்பு. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“டேபிளுக்கு அடியில இருக்கற பொட்டி எரியுதாண்ணா?”

“இல்ல. டீ போடற கெட்டிலுக்குப் பிளக் வேணுமேன்னு எடுத்தேன். இப்பத்தானே எடுத்தேன், அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சுது?”

“நான் ஊருக்கு இந்தக் கோடியில இருந்து அத ஒவ்வொரு நொடியும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். பதில் வரலன்னா தெரியாதா?”

“உங்க அண்ணி கூட இவ்ளோ நேரத்துக்குள்ள கண்டுபிடிச்சதில்ல” என்றான். கெட்டிலை வேறு பிளக்கில் மாட்டினான். பெட்டியின் பிளக்குக்கு மேல் காகிதம் ஒட்டி ‘குடும்ப அமைதி’ என்று எழுதி வைத்திருக்கிறானாம்.

உங்கள் பொறுப்பாளர் மொழியில் இனி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பொருந்தவில்லை. நீங்கள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னதை வேன்காரர் எனக்கு நடித்தே காட்டினார்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். விதிகள் எல்லாம் சரியாகப் போட்டாயிற்று. ஆனால் ‘நான்தான் தலைமை’ என்று கையால் கட்டாயப்படுத்தும் கட்டளை உங்களிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அதை அடித்தால் ஓட்டு எல்லாம் வீண், இரண்டு தலைமை மறுபடி வந்துவிடும். உங்கள் சர்வர் தானாக இறங்கினால், அதை நீங்கள் கையால் ஏற்றிவிட மாட்டீர்களே? உங்களைத் தெரியும் என்பதால் கேட்கிறேன்.

வாலு


ஏப்ரல் 4

வாலு,

அலுவலகத்துக்குத் தனியாக எழுதிவிட்டேன். இது உனக்கு.

இன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்த நேரம், கவுண்டரிலிருந்து கத்தல். எங்கள் தெருமுனையில் சாக்கடை தோண்டிய இயந்திரம் கேபிளை வாரிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் வந்த ஒரு வரிதான்: தலைமை இல்லை, படிக்க மட்டும். அதாவது எதையும் புதிதாக ஒதுக்க முடியாது. இத்தனை வருடம் நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட சர்வர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கிவிட்டது.

உன்னைக் கூப்பிட்டேன். அலுவலகப் போனும் அந்தக் கேபிளில்தான் வருகிறது. கைபேசியில் சிக்னல் இல்லை, எங்கள் தெருக் கோபுரத்துக்கும் அதே கேபிளாம்.

எங்கள் ஆஸ்பத்திரி மாடியில் ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆயத்தம். அரிய வகை ரத்தம், மறுபடியும் ஒரே ஒரு பை. கவுண்டர்காரர் அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

“பை என் கையிலயே இருக்கு மேடம். கம்ப்யூட்டர் என்ன சொன்னா நமக்கென்ன? ஒரு தட்டுத் தட்டி ஏத்தி விடுங்க, ஒதுக்கிடறேன்.”

பொய் சொல்ல மாட்டேன். கட்டளையை அடித்தேன். எண்டர் விசையில் விரலையும் வைத்துவிட்டேன். என் சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. விளக்கெல்லாம் பச்சை. தொட்டுப் பார்த்தேன், இதமான சூடு. பார்க்கிற யாரும் உயிரோடு இருப்பது இதுதான் என்று சத்தியம் செய்வார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்ற மழையில் நீயும் இதைத்தானே பார்த்திருப்பாய்? உன் அறையில் உன் விளக்குகள் பச்சையாக எரிய, நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல், வெளியே யாரோ ரத்தத்துக்குக் கத்த. நீ அவசரப்படவில்லை வாலு. உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானும் அன்று உன்னைப் போலவே என் அறையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன், என் பக்கம் இருந்தது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

என் சர்வர் இறங்கியிருக்கிறது என்றால் அதற்கு ஓட்டு இல்லை. ஓட்டு எங்கோ போயிருக்கிறது. எங்கே போயிருக்கும்? அடித்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

அறுவை டாக்டரே கீழே இறங்கி வந்துவிட்டார். “யார் இங்க பொறுப்பு?”

“நான்தான் டாக்டர். ஆனா இப்ப முடிவு என்னோடது இல்ல, என் நாத்தனாரோடது.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?” என்று கேட்டேன். “சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போனார். கவுண்டர்காரர் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போல் பார்த்தார். நீ எழுந்து நிற்கவில்லை என்றால்? அந்த எண்ணத்தோடு நான் நின்ற நிலையை எழுத எனக்கு வராது.

அப்போது மோட்டார் சைக்கிளில் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாராம். “குழந்தை பொறந்துடுச்சு, அம்மாவுக்கு ரத்தம் நிக்கல” என்று ஒரு தாளை நீட்டினார். ஒதுக்கீட்டுத் தாள். உன் சர்வர் ஒதுக்கியது. பையின் எண்ணைப் படித்தேன். கவுண்டர்காரரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பையைத் திருப்பி எண்ணைப் பார்த்தார்.

அதே பை!

அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். வண்டி போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “தட்டியிருந்தீங்கன்னா இந்நேரம் இது மாடியில இருந்திருக்கும்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான்.

எல்லாம் முடிந்த பிறகு உன் அண்ணன் வந்து சேர்ந்தார், ஓட்டப் பழகுகிற ஒருவர் காரை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, மாடு நடக்கும் வேகத்தில். “பொட்டி உன்ன விட்டுட்டு வாலு பக்கம் போயிடுச்சுன்னு அவ போன்ல சொன்னா, அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றார். “இதுக்கு இவ்வளவு நேரமா?” என்றால், “பாடத்த நடுவுல நிறுத்த முடியுமா? அவரு இப்பத்தான் ரெண்டாவது கியருக்கு வந்திருக்காரு” என்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரு பக்கம் சாய்ந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் உன் பக்கம். அடிக்கக் கை ஓங்கினேன், அந்தக் கையாலேயே கட்டிக்கொண்டேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி, அண்ணி, அண்ணி,

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்! குழந்தைக்கும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். உங்கள் மாடி நோயாளியைப் பற்றி வேன்காரர் ஓடி வந்து சொன்னதும் பக்கத்து நகர வங்கியில் கெஞ்சிக் கூத்தாடி நான் ஒரு பை வாங்கி அனுப்பினேனே, அது சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்து ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததாமே. வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து சொன்னார்.

என் பக்கத்தையும் கேளுங்கள். திரையில் ‘தலைமை’ என்று வந்தவுடன் முதலில் எனக்குப் பயம்தான் வந்தது. அண்ணி அங்கே கட்டாயமாக ஏற்றிவிடுவார், மறுபடி இரண்டு தலைமை, அதற்குள் நானே என்னுடையதை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தியிருந்தால் எங்குமே தலைமை இல்லை, அந்த அம்மாவுக்குத் தாளும் கிடையாது. அதற்குள் பிரசவ ஆஸ்பத்திரியின் கோரிக்கை வந்துவிட்டது. அண்ணி தட்ட மாட்டார் என்று வாய்விட்டுச் சொன்னேன், தனி அறையில், பைத்தியம் மாதிரி. சொல்லிவிட்டு ஒதுக்கினேன்.

கேபிளை ஒட்டிய பிறகு உங்கள் சர்வர் திரும்பி வந்தது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, ஒன்றுகூட இரட்டிக்கவில்லை. என் பதிலுக்காக நீங்கள் பொறுத்த அந்தக் கண்ணிமைப்பு இருக்கிறதே, அதனால்தான். எழுந்து நின்று கை தட்டினேன்.

நேற்று டாக்டரம்மா நேரில் வந்தார். என் அறையைச் சுற்றிப் பார்த்தார். “பத்தாம் தேதி டெஸ்ட்டா? இதுக்கு மேல என்னம்மா டெஸ்ட் இருக்கு?” என்றார். என் அறையை மூடும் உத்தரவு ரத்து! அவர் வாயாலேயே சொன்னார், எழுத்திலும் கொடுத்தார். இந்த ஏற்பாட்டை மற்ற நகரங்களின் ரத்த வங்கிகளுக்கும் நாம் இருவரும் போய் அமைத்துக் கொடுக்க வேண்டுமாம். நாம் இருவரும் அண்ணி, சேர்ந்து!

ஒரே ஒரு வேலை பாக்கி. தலைமை இன்னும் என் சர்வரிடம்தான் இருக்கிறது. முறைப்படி உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மாற்றட்டுமா? உங்கள் சம்மதத்தை எழுத்தில் அனுப்புங்கள்.

வாலு


ஏப்ரல் 9

வாலு,

சம்மதமில்லை. எழுத்தில் தருகிறேன்.

தலைமை உன்னிடமே இருக்கட்டும். எனக்கு என்ன அவசரம்? நீ எழுதுவதை என் சர்வர் இங்கே ஒரு வரி விடாமல் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. சேர்ந்துவிட்டது என்று அது உனக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் திரையில் ஒரு சின்னப் புள்ளி மின்னுகிறது. வேலையை விட்டுவிட்டு அதைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவுண்டர்காரர் டீயோடு வந்து பார்த்தார்.

“என்ன மேடம், நம்மளத் தலைமையில இருந்து இறக்கிட்டாங்களே, வருத்தமா இல்லையா?”

“இறக்கல” என்றேன். “நாங்க ரெண்டு பேரு இருக்கோம்.”

அண்ணி